மதியத்துக்கு மேல் சோர்ந்துபோகும் பணியிடம்: சாப்பாட்டுக்கு அதில் எவ்வளவு பங்கு?

ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருப்பவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவர்களிடம் பகல் ஷிஃப்டும் உண்டு, இரவு ஷிஃப்டும் உண்டு. மதியத்துக்கு மேல் வேலை மந்தமாகிவிடுகிறது, சின்ன விஷயத்துக்கெல்லாம் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுகிறார்கள், உடம்பு சரியில்லை என்று எடுக்கும் லீவு கூடிக்கொண்டே போகிறது. ஊழியர்களின் சாப்பாட்டுப் பழக்கம்தான் காரணமா? அப்படியானால் உணவியல் வகுப்பு நடத்தலாமா, எல்லோருக்கும் வைட்டமின் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா? இதுதான் அவருடைய சந்தேகம்.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். சாப்பாடு மனநிலையையும் பாதிக்கிறது, வேலையையும் பாதிக்கிறது. ஆனால் பணியிடத்தில் சாப்பாடு கெட்டுப்போவதற்கு அறியாமை காரணமாக இருப்பது குறைவு. எது நல்ல சாப்பாடு என்பது உங்கள் ஊழியர்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். அதை நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட அவர்களுக்கு நேரமும் இடமும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வகுப்பும் மாத்திரையும் என் பட்டியலில் கடைசியில்தான் வரும். பணியிடங்களுக்கு உணவு ஆலோசனை சொல்வதுதான் என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், சாப்பாட்டுக்கும் மனநிலைக்கும் தொடர்பு இருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்? உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது லண்டன் அரசு அலுவலர்களிடம் நடந்த ஆய்வு. ‘வைட்ஹால் 2’ என்று அதற்குப் பெயர். 1985-88 ஆண்டுகளில் 35 முதல் 55 வயதுக்குட்பட்ட 10,308 அலுவலர்களை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய உடல்நலம், வேலை, பழக்கவழக்கம் எல்லாவற்றையும் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். மேசை வேலை பார்ப்பவர்களைப் பற்றி இவ்வளவு நீண்ட பதிவு வேறெங்கும் கிடைப்பது அரிது. அதில் சுமார் 3,500 பேரின் உணவுப் பழக்கத்தைப் பிரித்துப் பார்த்து 2009-ல் ஒரு கட்டுரை வந்தது. காய்கறி, பழம், மீன் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு ஐந்து ஆண்டு கழித்து மனச்சோர்வு அறிகுறிகள் குறைவாக இருந்தன. இனிப்புப் பலகாரம், எண்ணெயில் பொரித்தவை, பதப்படுத்திய இறைச்சி, வெள்ளை மாவுப் பண்டங்கள் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு அந்த அறிகுறிகள் வரும் வாய்ப்பு ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகம். அதே அலுவலர்களிடம் சர்க்கரையை மட்டும் தனியாகப் பார்த்த ஆய்வு 2017-ல் வந்தது. இனிப்புப் பண்டங்கள், பானங்கள் மூலம் நாளொன்றுக்கு 67 கிராமுக்கு மேல் சர்க்கரை எடுத்துக்கொண்ட ஆண்களுக்கு, ஐந்து ஆண்டு கழித்து மனப்பதற்றம், மனச்சோர்வு போன்ற பொதுவான மனநலச் சிக்கல்கள் வருவதற்கான வாய்ப்பு 23 சதவீதம் கூடுதலாக இருந்தது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். மனசு சரியில்லாதவர்கள்தானே இனிப்பைத் தேடிப் போவார்கள்? எது முந்தியது என்று எப்படித் தெரியும்? அந்தச் சர்க்கரை ஆய்விலேயே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முதலிலேயே மனம் சோர்ந்திருந்தவர்கள் பிற்பாடு சர்க்கரையைக் கூட்டினார்கள் என்பதற்கு அந்தக் குழுவில் சான்று இல்லை. ஆனாலும் இப்படிக் கவனித்து எழுதும் ஆய்வுகளால் முழு உறுதி கிடைக்காது. ஆட்களைச் சீட்டுக் குலுக்கிய மாதிரி இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவின் உணவை மாற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெலிஸ் ஜாக்காவின் குழு 2017-ல் வெளியிட்ட சோதனை அது. மிதமானது முதல் கடுமையானது வரை மனச்சோர்வு நோய் இருந்த 67 பேர். பெரும்பாலோர் ஏற்கெனவே மருந்தோ மனநல ஆலோசனையோ பெற்றுவந்தவர்கள். ஒரு பாதிப் பேருக்கு உணவியல் நிபுணர் 12 வாரம் வழிகாட்டினார்: காய்கறி, பழம், முழு தானியம், பயறு, கொட்டைகள், மீன், ஆலிவ் எண்ணெய் கூடுதலாக, இனிப்பு, பொரித்தது, பதப்படுத்தியது குறைவாக. இன்னொரு பாதிப் பேரிடம் அதே அளவு நேரம் ஒருவர் உட்கார்ந்து பிரியமாகப் பேசிக்கொண்டிருந்தார், சாப்பாட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. முடிவில் உணவை மாற்றியவர்களில் சுமார் 32 சதவீதம் பேருக்கு நோய் அறிகுறி நீங்கும் அளவுக்குக் குறைந்திருந்தது. பேச்சுத் துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம் பேருக்கு.

நல்ல செய்திதான். ஆனால் 67 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. தான் எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும், அந்த எதிர்பார்ப்பே கொஞ்சம் வேலை செய்திருக்கும். அதனால் இதை வைத்துக்கொண்டு, சாப்பாட்டை மாற்றினால் மனச்சோர்வு போய்விடும் என்று யாராவது மேடையில் சொன்னால் நம்பாதீர்கள். நோய் இருப்பவருக்கு, எடுத்துவரும் சிகிச்சையோடு உணவும் ஒரு துணை. நான் சொல்லத் துணிவது அவ்வளவுதான்.

மாத்திரை விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். ஐரோப்பாவில் நான்கு நாடுகளில், உடல் எடை கூடுதலாகவும் லேசான மனச்சோர்வு அறிகுறியோடும் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஓர் ஆண்டு ஊட்டச்சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். ஒமேகா-3, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, செலினியம் எல்லாம் அதில் இருந்தன. 2019-ல் முடிவு வந்தது: மனச்சோர்வு நோய் வருவதை அது தடுக்கவில்லை. அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்டவர்களிடம் பல ஆண்டு நடந்த சோதனையில் வைட்டமின் டி மாத்திரையும் ஒமேகா-3 மாத்திரையும் மனச்சோர்வைத் தடுக்கவில்லை. ஆகவே எல்லோருக்கும் ஒரு டப்பா வாங்கிக் கொடுப்பதில் உங்கள் பட்ஜெட்டைக் கரைக்காதீர்கள். குறைபாடு உண்மையிலேயே இருப்பவருக்கு மாத்திரை வேறு விஷயம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி மதியச் சோர்வுக்கு வருவோம். நம் மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் உடம்பு சும்மா இருக்கும்போது செலவாகும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 120 கிராம் குளுக்கோஸ். இதைக் கேட்டதும், அப்படியானால் சோர்வு வரும்போது இனிப்பாக எதையாவது உள்ளே தள்ளினால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. 31 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2019-ல் வெளிவந்த ஓர் அலசலில், சர்க்கரை உள்ளிட்ட மாவுச்சத்தைச் சாப்பிட்ட பிறகு மனநிலை எந்த நேரத்திலும் மேம்படவில்லை. அரை மணி நேரத்தில் அசதி கூடியது, ஒரு மணி நேரத்துக்குள் விழிப்பும் குறைந்தது. நாலு மணிக்கு வாங்கும் குளிர்பானம் தெம்பு தருவதாக நமக்குத் தோன்றுவதில் பெரும்பங்கு, நாற்காலியை விட்டு எழுந்து நடந்ததற்கும் அதிலுள்ள கஃபீனுக்கும்தான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு ரத்தச் சர்க்கரை ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம்; அது இறங்குவதும் அதே அளவு முக்கியம். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொடர்ந்து சர்க்கரையை அளக்கும் கருவியைப் பொருத்திப் பார்த்து 2021-ல் ஓர் ஆய்வு வந்தது. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் சிலருக்குச் சர்க்கரை ஆரம்ப அளவுக்கும் கீழே சரிகிறது. அப்படிச் சரிந்தவர்களுக்குப் பசி சீக்கிரம் வந்தது, அன்றைக்கு மற்றவர்களைவிட சராசரியாக 300 கலோரிக்கும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். ஒரே சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஆள் இது மாறுகிறது. ஒரே உணவுத் திட்டத்தை எல்லோர் மேலும் திணிக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மதியம் கண் சொக்குவதற்குச் சாப்பாட்டை மட்டும் குற்றம் சொல்லவும் கூடாது. உடம்பின் உள்கடிகாரத்திலேயே பிற்பகலில் ஒரு தொய்வு உண்டு. சாப்பிடாமல் இருந்தவர்களுக்கும் அது வரும். வயிறு முட்டச் சாப்பிட்டால் அது இன்னும் ஆழமாகும், முந்தின ராத்திரி தூக்கம் போதவில்லையென்றால் இன்னும் மோசம். மதியச் சாப்பாட்டில் மாவுச்சத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்து, பயறோ முட்டையோ மீனோ, கூடவே காய்கறியும் சேர்த்துக்கொண்டு, சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நடந்துவிட்டு வருவது பலருக்கு உதவுகிறது. முக்கியமான முடிவெடுக்கும் கூட்டங்களை இரண்டு மணிக்கு வைக்காமல் இருப்பது அதைவிட உதவும். சாப்பாட்டு ஆலோசனை கேட்டு வந்தவருக்கு நேர அட்டவணை ஆலோசனை சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். இரண்டும் ஒரே விஷயம்தான்.

பசி வந்தால் புத்தி கெடும் என்பதற்கு ஆதாரமாக எல்லா வகுப்புகளிலும் இஸ்ரேல் நீதிபதிகள் கதையைச் சொல்வார்கள். 2011-ல் வந்த ஆய்வு: உணவு இடைவேளை முடிந்து வந்ததும் சிறைவாசிகளுக்குச் சாதகமான தீர்ப்பு சுமார் 65 சதவீதம், அடுத்த இடைவேளை நெருங்க நெருங்கக் கிட்டத்தட்ட பூஜ்யம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதே ஆண்டு வேறு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள்: வழக்குகளின் வரிசை தற்செயலாக அமைந்ததல்ல, வழக்கறிஞர் இல்லாத கைதிகளின் மனுக்கள் அமர்வின் கடைசியில் வரும் வழக்கம் இருந்தது. அதனால் நான் அந்தக் கதையைச் சொல்வதில்லை. நீங்களும் உங்கள் நிர்வாகத்தைச் சம்மதிக்க வைக்க அதைப் பயன்படுத்தாதீர்கள். விஷயம் தெரிந்த ஒருவர் அறையில் இருந்தால் உங்கள் மற்ற நியாயங்களும் சேர்ந்து எடுபடாமல் போகும். மகிழ்ச்சி தரும் செரோடோனின் குடலில்தான் உற்பத்தியாகிறது, ஆகவே வயிறு சரியானால் மனசு சரியாகும் என்ற பேச்சும் அப்படிப்பட்டதே. உடம்பிலுள்ள செரோடோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில் உருவாவது உண்மை. ஆனால் அது மூளைக்குள் நுழைய முடியாது. மூளை தனக்கானதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. குடலுக்கும் மூளைக்கும் நரம்பு வழியாகவும் நோய் எதிர்ப்பு மண்டலம் வழியாகவும் தொடர்பு உண்டு, அதைப் பற்றிய ஆராய்ச்சி வளர்ந்துகொண்டிருக்கிறது. அதை வைத்து இன்றைக்கே விற்கப்படும் பொடிகளும் பானங்களும் அந்த ஆராய்ச்சியைவிட ரொம்ப தூரம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இப்போது நான் முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறேன். சாப்பாடு வேலையைப் பாதிக்கிறதா என்று கேட்டீர்கள். வேலை சாப்பாட்டைப் பாதிப்பது அதைவிட வலுவானது என்பது என் அனுபவம். ஆலோசனைக்கு வருபவரிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் முதலில் கேட்பதில்லை. ஒரு வாரத்துக்கு, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், சாப்பிடும்போது வேறு என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று மட்டும் எழுதி வரச் சொல்வேன். வருகிற தாள்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். காலை எட்டரைக்கு வெறும் காபி. பத்து மணி மீட்டிங்கில் பிஸ்கட். பன்னிரண்டரைக்குச் சாப்பிடலாம் என்று எழும்போது ஓர் அழைப்பு. இரண்டு நாற்பதுக்குக் கணினி முன்னால், இடது கையில் ஸ்பூன், வலது கையில் மவுஸ், பன்னிரண்டு நிமிஷத்தில் சாப்பாடு முடிந்தது. ஐந்து மணிக்கு இனிப்பும் இன்னொரு காபியும். இரவு பத்தரைக்கு, நாள் முழுக்க ஏங்கிய வயிற்றுக்கு ஒரு பெரிய சாப்பாடு. அது செரிக்காமல் புரண்டு படுத்து, மறுநாள் காலையில் பசியே இல்லாததால் மறுபடி வெறும் காபி. இவர்களிடம் போய்ச் சரிவிகித உணவின் படத்தை விளக்குவதால் ஒரு பயனும் இல்லை. அந்தப் பன்னிரண்டரை மணி அழைப்பை யார் வைத்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

வேலை அழுத்தம் எல்லோரையும் ஒரே திசையில் தள்ளுவதும் இல்லை. வைட்ஹால் அலுவலர்களிடமே இதைப் பார்த்திருக்கிறார்கள். 2006-ல் வந்த கட்டுரைப்படி, வேலை அழுத்தம் அதிகமிருந்த ஆண்களில் ஏற்கெனவே மெலிந்தவர்கள் இன்னும் மெலிந்தார்கள், ஏற்கெனவே பருமனாக இருந்தவர்கள் இன்னும் பருத்தார்கள். ஒருவர் டென்ஷனில் சாப்பாட்டையே மறந்துவிடுவார், இன்னொருவர் கையில் கிடைத்ததையெல்லாம் சாப்பிடுவார். எடை கூடியவரைப் பார்த்து அறிவுரை சொல்லத் தயாராக இருக்கும் மேலாளர்கள், சாப்பிடாமல் மெலிந்துகொண்டே போகிறவரைக் கவனிப்பதே இல்லை. அவருக்கும் அதே பிரச்சினைதான்.

குறைபாடு பற்றிச் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? அசதி, எரிச்சல், கவனம் நிற்காமை என்று வருபவர்களில், குறிப்பாகப் பெண்களில், இரும்புச்சத்துக் குறைபாட்டை நான் முதலில் சந்தேகிப்பேன். உடல் உழைப்பில் அதன் விளைவு பழைய ஆய்வுகளிலேயே தெளிவாக இருக்கிறது. 1979-ல் இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண்களிடமும், இந்தோனேசிய ரப்பர் தோட்டத் தொழிலாளர்களிடமும் நடத்தி வெளியிட்ட ஆய்வுகளில், ரத்தசோகை இருந்தவர்களுக்கு இரும்புச்சத்து கொடுத்ததும் அவர்கள் பறித்த கொழுந்தும் சேகரித்த ரப்பர் பாலும் கூடின. மேசை வேலைக்கும் இது பொருந்தும். ரத்தசோகை வருமளவுக்குப் போக வேண்டியதுகூட இல்லை. 2012-ல் வெளியான ஒரு சோதனையில், ஹீமோகுளோபின் சரியாகவும், இரும்பின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 50-க்குக் கீழேயும் இருந்த, காரணம் தெரியாத அசதியோடு வந்த 198 பெண்களில் ஒரு பாதிக்கு இரும்பும் மறுபாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் 12 வாரம் கொடுத்தார்கள். இரும்பு எடுத்தவர்களுக்கு அசதி சுமார் 48 சதவீதம் குறைந்தது, மற்றவர்களுக்கு 29 சதவீதம். வெறும் மாத்திரைக்கே 29 சதவீதம் என்பதையும் கவனியுங்கள், நம்பிக்கையும், அசதி காலப்போக்கில் தானாகவே குறைவதும் சேர்ந்து அவ்வளவு செய்யும். ஆனாலும் இடைவெளி பெரிது.

எனக்கு நினைவில் நிற்கும் ஒருவர் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். ஒரே பத்தியை மூன்று தடவை படிக்க வேண்டியிருக்கிறது, வேலையில் ஆர்வம் போய்விட்டது, தனக்கு மனநோய் வந்துவிட்டதோ என்று பயந்து வந்தார். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் என்பதை அவராகச் சொல்லவில்லை. கேட்ட பிறகுதான் சொன்னார். மருத்துவரிடம் அனுப்பினேன். ஃபெரிட்டின் ஒற்றை இலக்கத்தில் இருந்தது. மருத்துவர் மாத்திரையும் கொடுத்தார், ரத்தப்போக்குக்கும் வைத்தியம் பார்த்தார். என் பங்குக்கு நான் சொன்னது ஒன்றுதான்: சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீரோ காபியோ குடிக்காதீர்கள், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். அவை தாவர உணவிலுள்ள இரும்பை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கும். புளிப்பான பழம் மாதிரி வைட்டமின் சி உள்ளவை உறிஞ்ச உதவும். சில மாதத்தில் அவர் தேறினார். வைட்டமின் பி12 குறைபாடும் இதே வேடத்தில் வரும். ஞாபக மறதி, மனச்சோர்வு, கை கால் மரத்துப்போதல் எல்லாம் இருக்கும். விலங்கு உணவே சாப்பிடாதவர்கள், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், அசிடிட்டிக்கு நெடுநாள் மாத்திரை போடுபவர்கள் இதைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்குவது தவறு. சிலருக்கு உடம்பில் இரும்பு தேங்கிக் கெடுதல் செய்யும்.

காபி. இதற்கு எதிராக நான் பேசப்போவதில்லை. மூளையில் நாள் முழுக்கச் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கும் அடினோசினின் இடத்தைக் கஃபீன் பிடித்துக்கொள்கிறது, அதனால் விழிப்பு வருகிறது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் கஃபீன் வரை பரவாயில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணிப்பு, கர்ப்பிணிகளுக்கு 200. சிக்கல் நேரத்தில்தான். குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதல். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் எடுத்தாலே தூக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைகிறது என்று 2013-ல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த இழப்பு தூங்கியவருக்கே சரியாகத் தெரிவதில்லை. மாலை காபியால் தூக்கம் கெட்டு, அந்தச் சோர்வைப் போக்க மறுநாள் இன்னும் இரண்டு கோப்பை. பதற்றம் அதிகமுள்ளவர்கள் அளவைக் குறைத்துப் பார்த்தால் படபடப்பு குறைவதை அவர்களே உணர்வார்கள். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும், படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஆனால் ஒரு விஷயம் என்னை ரொம்ப வருத்தப்படுத்துகிறது. உடல் எடையில் ஒன்றரை சதவீத அளவு நீர் குறைந்தாலே மனநிலை மங்குகிறது, தலை வலிக்கிறது, கவனம் குறைகிறது என்று இளம் பெண்களிடமும் ஆண்களிடமும் நடந்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. எல்லோரும் இதைச் சொல்லி, தண்ணீர் குடியுங்கள் என்று போஸ்டர் ஒட்டுகிறார்கள். ஆனால் அழைப்பு மையங்களிலும் உற்பத்தி வரிசையிலும் வாகனம் ஓட்டுபவர்களிடமும் மருத்துவமனை வார்டுகளிலும் பலர் வேண்டுமென்றேதான் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். கழிப்பறைக்கு எழுந்து போனால் கணக்கு கேட்பார்கள், அல்லது மாற்றிவிட ஆள் இருக்காது. கழிப்பறை இடைவேளையைச் சரிசெய்யாத இடத்தில் அந்தப் போஸ்டரைக் கிழித்துவிடுங்கள்.

இரவு ஷிஃப்ட் ஊழியர்களுக்கு விசேஷ கவனம் வேண்டும். பாஸ்டனில் உள்ள பிரிகாம் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் 19 பேரை இரவு வேலை செய்பவர்கள் போலவே விழித்திருக்க வைத்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பகலிலும் இரவிலும் சாப்பாடு, இன்னொரு பிரிவினருக்குப் பகலில் மட்டும். இரவிலும் சாப்பிட்டவர்களுக்கு மனச்சோர்வு போன்ற உணர்வு 26 சதவீதமும் பதற்றம் போன்ற உணர்வு 16 சதவீதமும் கூடின. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. 2022-ல் வெளியான இந்த ஆய்வு ரொம்பச் சின்னது, ஆய்வுக்கூடத்தில் நடந்தது. கனமான வேலை பார்ப்பவரை ராத்திரி முழுக்கப் பட்டினி போட நான் சொல்லமாட்டேன். வேலைக்கு வருவதற்கு முன்னால் முழுச் சாப்பாடு, நள்ளிரவுக்குப் பிறகு பசித்தால் மட்டும் சின்ன அளவில் ஏதாவது, வீட்டுக்குப் போய்ப் படுக்கும் முன் லேசான உணவு என்ற ஒழுங்கை முயன்று பார்க்கச் சொல்கிறேன். ஆனால் பெரும்பாலான இடங்களில் கேன்டீன் சாயங்காலமே மூடிவிடும். ராத்திரியில் இருப்பது இனிப்பும் நொறுக்கும் நிறைந்த இயந்திரம் ஒன்றுதான். உங்கள் கேன்டீன் எத்தனை மணிக்கு மூடுகிறது?

சரி, நிறுவனம் என்னதான் செய்வது? வகுப்பு ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பெரிய விற்பனை நிறுவனத்தின் 160 கிளைகளில், ஏறக்குறைய 33,000 ஊழியர்களிடம் இதைச் சோதித்தார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 20 கிளைகளில் மட்டும் உணவு, உடற்பயிற்சி, மன அழுத்தம் பற்றிய பாடங்கள் நடந்தன. 2019-ல் வந்த முடிவு: உடற்பயிற்சி செய்கிறோம், எடையைக் கவனிக்கிறோம் என்று சொன்னவர்கள் கூடினார்கள்; ஒன்றரை ஆண்டு கழித்தும் ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, லீவு நாட்கள், வேலைத்திறன் எதிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

நேர்மாறாக, சூழலை மாற்றிய இடங்களில் பலன் தெரிகிறது. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை 2010-ல் தன் கேன்டீனில் உணவுகளுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று போக்குவரத்து விளக்கு மாதிரி நிறம் ஒட்டியது. பிறகு, தண்ணீரும் நல்ல உணவும் கண்ணுக்கும் கைக்கும் எட்டும் உயரத்தில் வரும்படி அடுக்கை மாற்றியது. எதையும் தடை செய்யவில்லை. இரண்டு ஆண்டு கழித்தும் சிவப்புப் பொருட்களின் விற்பனைப் பங்கு 24-லிருந்து 20 சதவீதமாகவும், பச்சை 41-லிருந்து 46 சதவீதமாகவும் மாறி நின்றது. சின்ன மாற்றம்தான், ஆனால் நிலைத்த மாற்றம்.

நியூசிலாந்தில் 2017-ல் வெளியான இன்னொரு சோதனையை நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவேன். 18 முதல் 25 வயதுக்குட்பட்ட 171 பேர், இரண்டு வாரம். ஒரு பிரிவினருக்குத் தினமும் இரண்டு பங்கு பழமும் காய்கறியும் கையிலேயே கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு நினைவூட்டும் குறுஞ்செய்தியும் வாங்கிக்கொள்ள வவுச்சரும். மூன்றாம் பிரிவினர் வழக்கம்போலச் சாப்பிட்டார்கள். உற்சாகமும் முனைப்பும் கூடியது கையில் பெற்றவர்களுக்கு மட்டும்தான். மனச்சோர்வு அறிகுறிகளில் யாருக்கும் மாற்றமில்லை, இரண்டு வாரத்தில் அதை எதிர்பார்க்கவும் முடியாது. பணியிடத்துக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது: குறுஞ்செய்தி அனுப்பாதீர்கள், பழத்தைக் கழுவி நறுக்கி மேசையில் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இடைவேளை. கேலண்டரில் மதியம் ஒரு மணி நேரத்துக்கு யாரும் கூட்டம் போட முடியாதபடி பூட்டிவிடுங்கள். மேலாளர்கள் அந்த நேரத்தில் எழுந்து போய்ச் சாப்பிட வேண்டும். அவர்கள் மேசையிலேயே சாப்பிட்டால் மற்றவர்களும் எழ மாட்டார்கள். உட்கார்ந்து சாப்பிட ஓர் அறை, வீட்டிலிருந்து கொண்டுவருவதை வைக்கக் குளிர்பெட்டி, சூடாக்க அடுப்பு, கழுவ இடம் இருக்கட்டும். சேர்ந்து சாப்பிடுவதற்கும் தனி மதிப்பு உண்டு. அமெரிக்கத் தீயணைப்பு நிலையங்களில் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்து 2015-ல் எழுதினார்கள்: சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் குழுக்கள் பணியிலும் நன்றாக ஒத்துழைத்தன. நல்ல குழுவாக இருப்பதால் சேர்ந்து சாப்பிடுகிறார்களா, சேர்ந்து சாப்பிடுவதால் நல்ல குழுவானார்களா என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது. இருந்தாலும், தனியாகத் திரையைப் பார்த்துச் சாப்பிடுபவர் மெல்ல ஒதுங்கிப்போவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

சிலவற்றைத் தயவுசெய்து செய்யாதீர்கள். எடை குறைக்கும் போட்டி வைக்காதீர்கள், எடையை எல்லோர் முன்னாலும் அறிவிக்காதீர்கள். உண்ணுதல் கோளாறு இருப்பவர் உங்கள் அலுவலகத்திலும் இருப்பார், வெளியே தெரியாது. ஒருவர் தட்டைப் பார்த்து இன்னொருவர் கருத்துச் சொல்லும் பழக்கத்தை வளர விடாதீர்கள். இன்சுலின் போடும் ஊழியருக்குச் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போவது சோர்வோடு நிற்காது, ஆபத்தாகவே முடியலாம். அவருடைய இடைவேளையை எந்த அவசரத்துக்கும் பறிக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவர் எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, வாழவே பிடிக்கவில்லை என்பது போலப் பேசினால் அங்கே உணவைப் பற்றிப் பேசவே வேண்டாம். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வேலைப்பளு தாங்க முடியாமலோ, மேலதிகாரியின் வசவாலோ ஒருவர் உடைந்துபோயிருந்தால் பழத்தட்டு அதற்குப் பரிகாரம் ஆகாது. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகில் ஆண்டுதோறும் சுமார் 1,200 கோடி வேலை நாட்கள் போகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கெல்லாம் சாப்பாட்டை மட்டும் பொறுப்பாக்குவது, பொறுப்பை ஊழியர் தலையில் கட்டுவதாகவே முடியும்.

தொடங்குவதாக இருந்தால் அடுத்த மாதமே இரண்டு பிரிவுகளில் மட்டும் தொடங்குங்கள். மதிய நேரத்தைப் பூட்டுங்கள், கேன்டீன் அடுக்கை மாற்றுங்கள், இரவில் சூடான எளிய உணவுக்கு ஏற்பாடு செய்யுங்கள். மூன்று மாதம் கழித்து எடையையோ ரத்தப் பரிசோதனையையோ கேட்காதீர்கள். பெயர் எழுதாத தாளில் மூன்றே கேள்வி போதும்: சென்ற வாரம் எத்தனை நாள் மேசையை விட்டு எழுந்துபோய்ச் சாப்பிட்டீர்கள், பிற்பகலில் வேலை எப்படி ஓடியது, எப்படித் தூங்கினீர்கள். ஆரம்பிக்கும் முன்பும் இதையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், மாற்றம் செய்யாத பிரிவுகளிடமும் கேளுங்கள். இல்லாவிட்டால் எது எதனால் நடந்தது என்று தெரியாது. இரவு ஷிஃப்டின் தாள்களைத் தனியாகப் பிரித்துக் கணக்கிடுங்கள். சேர்த்துக் கூட்டினால் பகல்காரர்களின் எண்ணிக்கையில் அவர்களுடைய பதில் காணாமல் போய்விடும்.